சுமக்கும் தாயின் சாப்பாட்டுத் தட்டு

குஜராத்தின் ஆனந்த் ஊரை நமக்கு அமுல் பாலால் தெரியும். 2000களில் அந்த ஊரின் பெயர் இன்னொரு காரணத்தாலும் உலகம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டுத் தம்பதிகளுக்காகப் பிள்ளை சுமந்த பெண்கள் அங்கே விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, ஊசி, ஓய்வு என்று அவர்களுடைய நாள் நகர்ந்தது. சமூகவியலாளர் அமிர்தா பாண்டே அவர்களோடு நெடுநாள் பழகி, 2014இல் ஒரு நூலாகவே எழுதினார். கருமுட்டை யாருடையதாக இருந்தாலும் பிள்ளையை வளர்ப்பது தங்கள் உடம்பில் ஓடும் ரத்தம்தான், அதனால் தங்களுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று அந்தப் பெண்கள் உரிமையோடு பேசியதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு திருத்தம் நாக்கு நுனியில் வந்து நிற்கும்: தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை. திருத்தம் சரிதான். ஆனால் அந்தப் பெண்கள் சொன்னதை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. அவர்கள் பேச்சில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பார்க்க, நஞ்சுக்கொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நஞ்சுக்கொடியை நாம் தாயின் உறுப்பு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அதன் பெரும்பகுதி கருவிலிருந்து முளைப்பது. சொந்தப் பிள்ளையைச் சுமக்கும்போது அதில் பாதி மரபணு தாயுடையதாக இருக்கும். பிறர் கருவைச் சுமக்கும்போது அதுவும் கிடையாது. முழுக்க வேறு இருவரின் மரபணுவைக் கொண்ட ஓர் உறுப்பு சுமப்பவரின் கருப்பைச் சுவரில் வேர்விட்டு, மரத்தின் வேரைப்போல் கிளைகிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளைச் சுற்றித் தாயின் ரத்தம் குளம்போல் தேங்கி ஓடுகிறது. இடையே இருப்பது மயிரிழையைவிட மெல்லிய தடுப்பு. அதைத் தாண்டிக் குளுக்கோஸ் போகிறது, அமினோ அமிலம் போகிறது, கால்சியமும் இரும்பும் போகின்றன. பிரசவ சமயத்தில் அரைக் கிலோ எடையோடு வெளியே வரும் நஞ்சுக்கொடியின் கிளைகளை எல்லாம் விரித்துப் பரப்பினால், பத்துச் சதுர மீட்டருக்கு மேல், ஒரு சிறிய அறையின் தரை அளவுக்கு வரும். ரத்தம் கலக்கவில்லை என்பது மெய். ஆனால் பிள்ளையின் எலும்பில் இருக்கும் கால்சியமும் அதன் ரத்தச் சிவப்பில் இருக்கும் இரும்பும் அந்தத் தரையைக் கடந்து அவரிடமிருந்துதான் வந்தன.

இதைச் சோதிப்பதற்கு இயற்கை தானாக வழி தராது. கருமுட்டை தந்தவளும் சுமந்தவளும் ஒருத்தியாகவே இருக்கும்போது, மரபணுவின் வேலை எது, வயிற்றின் வேலை எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? 1938இல் கேம்பிரிட்ஜில் வால்டன், ஹேமண்ட் என்ற இருவர் குதிரைகளை வைத்துப் பார்த்தார்கள். வண்டியிழுக்கும் பெரிய ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்ட் இனத்தையும் இரண்டு பக்கமாகவும் கலந்தார்கள். பெரிய தாயின் வயிற்றில் வளர்ந்த கலப்புக் குட்டி, சிறிய தாயின் வயிற்றில் வளர்ந்த கலப்புக் குட்டியைவிட மிகப் பெரிதாகப் பிறந்தது. மனிதர்களில், கருமுட்டைத் தானம் பெற்றுப் பிறந்த குழந்தைகளை 1995இல் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, பிறப்பு எடை முட்டை கொடுத்தவரின் எடையைவிடச் சுமந்தவரின் எடையோடுதான் ஒத்துப்போனது. பிள்ளையின் முகச்சாடை யாருடையதாகவும் இருக்கட்டும். தொட்டிலில் கிடக்கும் அந்த இரண்டே முக்கால் கிலோவில் சுமந்தவரின் பங்கு பெரியது.

நம் நாட்டில் இப்போது நடைமுறை மாறிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், காசுக்குச் சுமப்பதைத் தடை செய்கிறது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் உண்டு, கூலி கிடையாது. சுமப்பவர் திருமணமானவராக, ஏற்கெனவே சொந்தப் பிள்ளை பெற்றவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சுமக்கலாம். சொந்தக் கருமுட்டையைக் கொடுக்கக் கூடாது. வாடகையே இல்லை என்று சட்டம் சொன்ன பிறகும் ‘வாடகைத்தாய்’ என்ற சொல் நம் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. இந்த அத்தியாயத்தில் ‘சுமக்கும் தாய்’ என்றே எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அந்தச் சட்ட வரிகளில் ஒன்றை நிறுத்திப் படிக்க வேண்டும்: ஏற்கெனவே பிள்ளை பெற்றவர். அதாவது அவருடைய உடம்பு ஒரு முறையாவது தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சுமார் 300. கூடுதலாக ஊறும் தாயின் ரத்தத்துக்கு 450 முதல் 500. மீதி அன்றாட இழப்பு. சேமிப்பில் இருந்தால் நஞ்சுக்கொடி அதிலிருந்து எடுக்கும், இல்லையென்றால் தாயின் அன்றாடத் தேவையில் கை வைக்கும். நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இரும்பைப் பிடித்திழுக்கும் புரதங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தாய்க்கு இரும்பு குறையக் குறைய அவை இன்னும் பெருகுகின்றன. பெரும்பாலும் பிள்ளை ஓரளவு தப்பித்துக்கொள்ளும். படி ஏறினால் மூச்சு வாங்கி, நகம் வெளுத்து, பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு வருவது சுமப்பவர்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். இரண்டில் ஒருவர்.

ஆகவே முதல் வேலை கருவை வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. மற்றக் கர்ப்பங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு: தேதி முன்கூட்டியே தெரியும்.

பெண்களில் பலர் நாள் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதித்துக் கர்ப்பம் என்று உறுதி செய்வதற்குள், கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடத் தொடங்கியிருக்கும். கரு உருவான 28ஆம் நாள் வாக்கில் அது மூடி முடிந்துவிடும். அதற்குள் ஃபோலிக் அமிலம் உடம்பில் போதிய அளவு இருக்க வேண்டும். நரம்புக்குழல் குறையோடு ஏற்கெனவே பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் நடத்திய ஆய்வு 1991இல் காட்டியது. சுமக்கும் தாய்க்கோ கருவை எந்த வாரம் வைக்கப்போகிறார்கள் என்று மருத்துவமனை நாள் குறித்துச் சொல்கிறது. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு நாள் குறிக்கலாம். காத்திருக்கும் தம்பதியின் அவசரம் எனக்குப் புரிகிறது. அவர்களில் பலர் பத்து வருடம் காத்திருந்தவர்கள். ஆனாலும் ரத்தம் ஊறுவதற்கு அந்த மூன்று மாதத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த ஃபோலிக் அமிலத்தின் கதையே ஏழைக் கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்கியது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் ஒருவகைக் கடுமையான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியாக இருக்குமோ என்று முதலில் தேடியவர், பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். 1929இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இருந்து ஆய்வு செய்தார். கடைசியில் பீர் காய்ச்சி மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும், ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான மார்மைட் பசையைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் குணமானது. 1931இல் அதை எழுதினார். அதில் இருந்த சத்து எது என்பது தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையை வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லிலிருந்துதான் ஃபோலிக் என்ற பெயர் வந்தது. வில்ஸுக்கு வழி காட்டியது ‘என்ன சாப்பிடுகிறாய்’ என்ற கேள்விதான். இன்றும் பல மருத்துவமனைகளில் அச்சடித்த உணவுப் பட்டியலை நீட்டுகிறார்கள், அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கீரைக்கு இன்னொரு சாட்சி புனேயில் இருக்கிறது. மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1990களில் புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளின் தட்டை உன்னிப்பாகக் கவனித்தார்கள். நிறையச் சோறும் ரொட்டியும் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள்தான் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். மொத்தக் கலோரிக்கும் புரதத்துக்கும் பிள்ளையின் அளவோடு பெரிய தொடர்பு தெரியவில்லை. பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகள் பெரிதாகப் பிறந்தார்கள். அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தந்தது. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பி12 குறைவு. பி12 குறைவாகவும் ஃபோலேட் மிகுதியாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே, இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத போக்கு அதிகம் தெரிந்தது. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டால் போதும் என்றிருக்கக் கூடாது. பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். சைவம் சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் கேட்டுப் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரு வைத்த முதல் சில வாரங்களில் சுமக்கும் தாய்க்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இயல்பான கர்ப்பத்தில் உடம்பே சுரக்கும் புரோஜெஸ்டிரோனை இவருக்குப் பெரும்பாலும் ஊசியாகவோ உள்ளே வைக்கும் மாத்திரையாகவோ பத்துப் பன்னிரண்டு வாரம் வரை கொடுப்பார்கள். அது குடலை மந்தமாக்கும். வயிறு உப்பும், மலம் இறுகும், தூக்கம் தூக்கமாக வரும். மசக்கையும் சேர்ந்துகொண்டால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். அந்த நாட்களில் சத்துக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். இறங்குவதை, கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு தடவையாகச் சாப்பிட்டால் போதும். மோர்சாதமும் ஊறுகாயும்தான் இறங்குகிறதென்றால் அன்றைக்கு அதுதான் சாப்பாடு. தண்ணீர், வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை ஆகியவை மலச்சிக்கலுக்கு உதவும்.

நான்காம் மாதம் தாண்டியதும் பசி திரும்பும். இரண்டு உயிருக்குச் சேர்த்து இரட்டிப்பாகச் சாப்பிடச் சொல்வது நம் வீடுகளின் வழக்கம். இந்திய மருத்துவ ஆய்வுக் குழுவின் கணக்கோ, நாளுக்குக் கூடுதலாக 350 கலோரி என்கிறது. இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால் சேர்ந்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். புரதம் அதைவிட முக்கியம். கடைசி மூன்று மாதத்தில் நாளுக்கு 22 கிராம் கூடுதலாக வேண்டும். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், கோழி என்று எதிலிருந்தும் வரலாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறு மீன்கள் நல்லவை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், இந்த மாதங்களில் வேண்டாம்.

ஒரு மதியச் சாப்பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சோறு, முருங்கைக்கீரை போட்ட பருப்புக் கூட்டு, ஒரு வேகவைத்த முட்டை, தயிர், பாதி எலுமிச்சம்பழம். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, ஆனால் அது உடம்பில் எளிதில் சேராத வகை. அந்தப் பாதி எலுமிச்சம்பழத்தைப் பருப்பில் பிழிந்தால், வைட்டமின் சி அந்த இரும்பின் வடிவத்தை மாற்றிக் குடல் உறிஞ்சுவதற்குத் தோதாக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டம்ளர் டீ குடித்தால், டீயில் இருக்கும் டானின் அதே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சை கொடுத்ததை டீ பறித்துவிடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் தீர்ந்தது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது மிச்ச இரும்பின் நிறம், பயம் வேண்டாம்.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நடந்த எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். கடுமையான உடல்நலச் சிக்கல்கள் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு வந்தன. சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களில் அது 4.3. பிறர் கருவைச் சுமந்தவர்களில் 7.8. ரத்த அழுத்தக் கோளாறுகளும் அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தன. முற்றிலும் அந்நியமான மரபணு கொண்ட நஞ்சுக்கொடியோடு உடம்பின் எதிர்ப்பாற்றல் ஒத்துப்போவதில் உள்ள சிரமம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உணவால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது. ஆனால் உணவில் கால்சியம் குறைந்த நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுப்பது இந்த அழுத்தச் சிக்கலின் ஆபத்தைக் குறைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பால், தயிரோடு கேழ்வரகும் இங்கே கை கொடுக்கும். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் அது. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரைக்கு நம் ஊரே வழிகாட்டி. வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் சேஷய்யா பரவலாக்கினார். ஒரே நாளில், ஒரே ஊசியில் முடிந்துவிடுவதால் கிராமத்துப் பெண்ணுக்கும் அது எட்டியது. சர்க்கரை ஏறினால் சோற்றைக் குறைத்துக் காயும் புரதமும் கூட்ட வேண்டும், சாப்பிட்டபின் நடக்க வேண்டும். பட்டினி கூடாது.

இனி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நாத்தனாருக்குக் கருப்பை இல்லை. அண்ணி சுமக்கிறார். நாத்தனார் தினமும் வந்துவிடுகிறார், வராத நாளில் போன்.

“அண்ணி, குங்குமப்பூ போட்ட பால் அனுப்பியிருக்கேன், குடிச்சீங்களா?”

“குடிக்கிறேம்மா. எனக்குக் கருவாட்டுக் குழம்புதான் இறங்குது.”

“கருவாடா? குழந்தைக்கு ஆகுமா அண்ணி?”

அந்தக் குரலில் அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. தன் பிள்ளை இன்னொருவர் வயிற்றில் இருக்கும்போது தட்டைத் தவிர வேறு எதைக் கவனித்துக்கொள்ள முடியும் அந்தப் பெண்ணால்? குங்குமப்பூ பிள்ளையைச் சிவப்பாக்காது. தோல் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் கரு உருவான அன்றே முடிவாகிவிட்டன. பழுத்த பப்பாளி கெடுதலில்லை, காயில் இருக்கும் பாலைத்தான் தவிர்க்க வேண்டும். கருவாட்டில் உப்பு அதிகம், அழுத்தம் ஏறியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும், மற்றபடி வாரம் ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இதையெல்லாம் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னால், நாத்தனாரின் பயமும் தணியும், அண்ணிக்கும் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கும். சைவக் குடும்பத்தின் பிள்ளையைச் சுமப்பவர் மீன் சாப்பிடுகிறவராக இருந்தால் பேச்சு இன்னும் கடினமாகும். என் நிலைப்பாடு தெளிவானது: வாய் அவருடையது, குடல் அவருடையது, ரத்தசோகை வந்தால் மூச்சு வாங்கப்போவதும் அவருக்குத்தான். கேட்டுக்கொள்ளலாம், கட்டளையிடக் கூடாது.

அண்ணியின் குழம்பு வாசம் பிள்ளை வரைக்கும் போகும் என்பதும் உண்மை. கரு பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, கடைசி மாதங்களில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல். தாய் தின்ற பூண்டின் மணம் அந்த நீரில் வருகிறது. அமெரிக்காவில் ஜூலி மெனல்லா குழுவினர் கடைசி மூன்று மாதத்தில் சில கர்ப்பிணிகளுக்குக் கேரட் சாறு கொடுத்தார்கள். பிறகு அவர்களுடைய குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கேரட் கலந்த கூழ் ஊட்டியபோது, மற்றக் குழந்தைகளைவிட இவர்கள் முகம் சுளித்தது குறைவு. 2001இல் வெளியான ஆய்வு அது. ஆனந்தில் பிறந்து எங்கோ வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு வெந்தயமும் இஞ்சியும் முதலில் எங்கே அறிமுகமாகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

பிரசவம் முடிகிறது. பிள்ளை அதன் வீட்டுக்குப் போகிறது. பட்டுப்புடவை, இனிப்பு, கண்ணீர் எல்லாம் அங்கே. இங்கே மூன்றாம் நாள் அண்ணிக்குப் பால் கட்டுகிறது. கரு யாருடையது என்று மார்புக்குத் தெரியாது. பால் நிற்க மருத்துவர் மாத்திரை கொடுப்பார், வலிக்குக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வந்து பார்க்கும் பெரியவர்கள் கேட்கிறார்கள்: “பால் குடிக்கப் பிள்ளையில்லை, பத்தியம் எதுக்கு?” பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் பாலுக்காக என்று அவர்கள் நினைப்பதால் வரும் கேள்வி இது. ஆனால் இரும்பு இறங்கியிருக்கிறது, சிசேரியன் என்றால் தையல் ஆற வேண்டும், கருப்பை சுருங்க வேண்டும். தொட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சை உடம்பு பச்சை உடம்புதான். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்பு மாத்திரை போட வேண்டும் என்கிறது அரசுத் திட்டம்.

அவருக்குள் இன்னொன்றும் தங்கியிருக்கிறது. ஆண்பிள்ளை பெற்ற பெண் ஒருவரின் ரத்தத்தில், பிரசவமாகி 27 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிள்ளையின் செல்கள் இருந்ததை டயானா பியாங்கி குழுவினர் 1996இல் கண்டுபிடித்தார்கள். கருவின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் உடம்பில் குடியேறிவிடுகின்றன. ஆனந்தின் பெண்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

நான்காம் நாள் காலையில் அண்ணியின் அம்மா வந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். நல்லெண்ணெய் காய்கிறது. பூண்டை உரித்துப் போடுகிறார், கூடவே இரண்டு முட்டையை வேகவைக்கிறார். யாரும் கேட்காமலேயே நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்குகிறார்.